இளம்பிள்ளைகளின் மனோபரீட்சை: எண்ணும் விவரமும்

1. ஆராய்ச்சிக்கு உரிய கேள்வி

நான்கு வயது நிறைந்தும் வாய்திறந்து பேசாத பிள்ளையை, அல்லது பேசினாலும் கேட்ட கேள்விக்கு விடை கூறாமல் அக்கேள்வியையே திருப்பிச் சொல்லும் பிள்ளையை, பெற்றோர் முதன்முதலாக மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் செல்லும்போது அவர்கள் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. பிள்ளைக்கு நேர்ந்திருப்பது என்ன என்பது ஒன்று. அவனுக்காக இனி நாம் செய்ய வேண்டுவது என்ன என்பது மற்றொன்று. பரீட்சை முடிந்து வெளியே வரும்போது அவர்கள் கையில் இருக்கும் தாள், பெரும்பாலான சந்தர்ப்பங்களில், அவர்கள் கேளாத மூன்றாவது கேள்விக்கே விடை சொல்கிறது: குறைபாடு எத்தனை சதவீதம்? நாளடைவில் பெற்றோரும் தம் பழைய கேள்விகளை விட்டுவிட்டு, முகாம்களிலும் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் ஒருவரை ஒருவர் "உங்க பையனுக்கு எவ்ளோ பர்சென்ட் போட்டாங்க?" என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அது தவிர்க்க முடியாததுதானா என்பதே இக்கட்டுரையின் விசாரணை. குன்றத்தூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த திருமுடிவாக்கத்தையும், அதனை அடுத்துள்ள அனகாபுத்தூர், பம்மல், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய சென்னையின் தென்புறப் பகுதிகளையும் மனத்தில் இருத்தியே இது எழுதப்படுகிறது. ஏனெனில், ஒரு பரீட்சை நல்லதா அல்லதா என்பதை அது பிறந்த ஆய்வுக்கூடத்தில் வைத்து மட்டும் தீர்மானிக்க இயலாது, அது பிரயோகிக்கப்படும் ஊரில் வைத்தும் பார்த்தாக வேண்டும். நான் நிறுவ முயலும் கருத்து இது: இளம்பிள்ளையின் மனோபரீட்சைக்கு முதற்பயன் கல்வி, சான்றிதழ் அதன் உபபயன். இந்த வரிசை இன்று தலைகீழாகியிருக்கிறது. அதை நேர்செய்வதற்கு வேண்டிய கருவிகளை நாம் தூரதேசங்களில் தேட வேண்டியதில்லை. அவற்றுள் முக்கியமான இரண்டு சென்னையிலேயே உருவானவை.

2. பூர்வ சரித்திரம்: போதனைக் கருவி பரீட்சைக் கருவியான கதை

1904ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கம், சாதாரண வகுப்பில் படிப்பைத் தொடர இயலாத பிள்ளைகளைப் பற்றி ஆராய ஒரு குழுவை நியமித்தது. அதன் அங்கத்தினராகிய ஆல்ஃபிரெட் பீனே, தியோடர் சீமோன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து 1905இல் முதல் அறிவுப் பரீட்சையை அமைத்தார். உபாத்தியாயரின் கோபத்துக்கோ, பெற்றோரின் அந்தஸ்துக்கோ இடம் கொடாமல், உண்மையிலேயே தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளை எவன் என்று அறிவதே அதன் நோக்கம். அறிவு என்பது பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டுவிட்ட, கூட்டவோ குறைக்கவோ ஆகாத ஒரு சரக்கு என்னும் அபிப்பிராயத்தைப் பீனே வன்மையாக மறுத்தார். கவனத்தையும் நினைவையும் படிப்படியாக வளர்ப்பதற்கான பயிற்சிகளையும் வகுத்தார். அதாவது, அவர் கருத்தில் பரீட்சை வாயிற்படி மட்டுமே. வீடு அதற்கு அப்பால் இருக்கும் வகுப்பறை.

பின்வந்தவர்கள் வாயிற்படியிலேயே நின்றுவிட்டார்கள். 1912இல் ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உடல்வயதால் வகுத்து அறிவு அளவெண் என்னும் ஒரே எண்ணாக்கும் முறையைக் கூறினார். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லண்ட் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த ஹென்றி காடார்ட், பீனேயின் அளவையை மொழிபெயர்த்துப் பரப்பியபோது, அறிவுக் குறைவு பரம்பரையாக வருவது, அத்தகையோரைச் சமூகத்திலிருந்து ஒதுக்கி வைப்பதே தக்கது என்னும் கொள்கையையும் அதனுடன் சேர்த்துப் பரப்பினார். 1916இல் லூயிஸ் டெர்மன் வெளியிட்ட ஸ்டான்ஃபோர்டு திருத்தம் அந்த ஒற்றை எண்ணை உலகெங்கும் நிலைநிறுத்தியது.

இதே மாற்றத்தை ஒரு மரப்பலகையின் சரித்திரத்திலும் காணலாம். இன்று நம் மருத்துவமனைகளில் 'செகுவின் பலகை' என்று வழங்கும் கருவியில் வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், சிலுவை முதலிய பத்து வடிவக் கட்டைகளும், அவை சரியாகப் பொருந்தும் பத்துக் குழிகளும் உண்டு. கட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, இயன்ற வேகத்தில் அவற்றைப் பொருத்துமாறு பிள்ளையிடம் சொல்கிறார்கள். மூன்று முறை செய்வித்து, மிகக் குறைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அட்டவணையைப் பார்த்து மனவயதைக் காண்கிறார்கள். எட்வார்ட் செகுவின் என்னும் பிரெஞ்சு மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய பலகைகளைக் கையாண்டது அளப்பதற்காக அன்று. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் கண்ணையும் கையையும் பயிற்றுவதற்காகவே. அவர் நூல்களைப் பயின்ற மரியா மான்டிசோரி அவ்வடிவங்களைத் தம் கல்விமுறையில் போதனைச் சாதனங்களாகவே வைத்துக்கொண்டார். காடார்ட் முதலியோர் அவற்றை நிமிஷக் கணக்கிடும் பரீட்சையாக ஆக்கினார்கள். மான்டிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது சென்னை நன்கறிந்த விஷயம். ஆகவே, ஒரே வடிவக் கட்டைகள் இந்நகரத்தை இரண்டு வழிகளில் வந்தடைந்தன எனலாம்: கற்பிக்கும் பொருளாக அடையாற்றின் வகுப்பறைக்கு, கணக்கிடும் பொருளாக மருத்துவமனையின் மேசைக்கு. நம் காலத்துப் பிள்ளை பெரும்பாலும் இரண்டாவது மேசையின் முன்னர்தான் அமர்த்தப்படுகிறான்.

அந்த மேசையில் எது குறிக்கப்படுகிறது, எது நழுவிவிடுகிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஒரே வயதுடைய இரு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பலகையை முடிப்பதாக வைத்துக்கொள்வோம். முதற்பிள்ளை நட்சத்திரக் கட்டையை எடுத்து, ஒவ்வொரு குழியாக அழுத்திப் பார்த்து, தற்செயலாகப் பொருந்தும் வரையில் சுற்றி வருகிறான். இரண்டாமவன் குழியைக் கண்ணாலேயே கண்டுகொள்கிறான்; ஆனால் கட்டையைத் திருப்பிப் பிடிக்க விரல்கள் இணங்காததால் தாமதிக்கிறான். முதல்வனுக்கு வேண்டியது வடிவங்களைப் பார்த்துப் பிரித்தறியும் பயிற்சி. இரண்டாமவனுக்கு வேண்டியது கைப்பயிற்சி, அதாவது 'ஓ.டி.' என்று பெற்றோர் சொல்லும் செயல்முறைச் சிகிச்சை. தாளில் இருவருக்கும் ஒரே எண். எண் பொய் சொல்லவில்லை. ஆனால் நாளைக் காலையில் எந்தப் பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்கும் ஆசிரியைக்கு அது ஒன்றும் சொல்லவும் இல்லை.

3. இந்தியாவில் அளவைகள்: சான்றுகளின் எடை

இந்திய மொழிகளுக்குப் பீனே அளவையைக் கொண்டுவரும் முயற்சி 1920களில் லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. 1934இல் தார்வாரில் வி. வி. காமத், கன்னட மராத்திப் பிள்ளைகளை ஆதாரமாகக் கொண்டு அமைத்த பீனே–காமத் பரீட்சை, பின்னர்ப் பிற மொழிகளுக்கும் பரவித் தமிழ்நாட்டிலும் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. 1943இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவத் துறை ஏற்பட்டது. நாகபுரியில் ஏ. ஜே. மாலின், அமெரிக்க மனோதத்துவ அறிஞர் வெக்ஸ்லரின் அறிவுப் பரீட்சையை இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றியமைத்ததுடன், வைன்லண்ட் பள்ளியின் எட்கர் டால் 1935இல் வெளியிட்ட சமூக முதிர்ச்சி அளவையையும் இந்தியச் சூழலுக்குத் தழுவினார். மைசூரில் ஜே. பரத்ராஜ் வளர்ச்சிப் பரிசோதனை அளவை ஒன்றைத் தந்தார். மிகச் சிறு வயதினருக்குப் பரோடாவில் பிரமீளா பாடக் முதலியோர் அமைத்த இந்தியச் சிசுக்களின் வளர்ச்சி அளவை முப்பது மாதம் வரையில் உதவுகிறது, திருவனந்தபுரத்தில் எம். கே. சி. நாயர் குழுவினர் உருவாக்கிய பதினேழு அம்சங்கள் கொண்ட வளர்ச்சி அட்டவணையை அங்கன்வாடிப் பணியாளரும் எளிதில் கையாளலாம்.

இந்த உழைப்பு வணக்கத்துக்குரியது. ஆயினும் இவற்றின் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதில் மூன்று ஐயங்கள் எழுகின்றன.

முதலாவது, அளவைகளின் வயது. அறிவுப் பரீட்சைகளின் சராசரி மதிப்பெண் தலைமுறைக்குத் தலைமுறை உயர்ந்து வருகிறது என்பதை ஜேம்ஸ் ஃப்ளின் 1980களில் பல தேசத்துச் சான்றுகளால் நிறுவினார். அமெரிக்காவில் அவர் கண்ட உயர்வு பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று புள்ளிகள். அவ்வாறாயின், 1930களின் பிள்ளைகளோடு இன்றைய பிள்ளையை ஒப்பிடுவது அவன் மதிப்பெண்ணை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். உதவிக்கு உரிய பிள்ளை, உதவிக்கு உரியவன் அல்லன் என்று திருப்பி அனுப்பப்படுவான். மறுபுறம், பழக்கமற்ற படங்களும் பரிச்சயமில்லாத மனிதரும் அதே மதிப்பெண்ணைத் தாழ்த்தக்கூடும். எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இவ்விரு பிழைகளும் ஒரு குறிப்பிட்ட பிள்ளையிடத்தில் எந்த அளவுக்குச் செயற்பட்டன என்று தாளைப் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது.

இரண்டாவது, பிள்ளையின் வயது. நான்சி பெய்லி பர்க்லியில் பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை தொடர்ந்து கவனித்த பிள்ளைகளைப் பற்றி 1949இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதலிரண்டு ஆண்டுகளின் மதிப்பெண்ணுக்கும் பிற்கால அறிவு அளவுக்கும் இடையே பொருட்படுத்தத் தக்க சம்பந்தம் இல்லை என்று கண்டார். வளர்ச்சித் தாமதம் மிகக் கடுமையாக உள்ள பிள்ளைகளிடத்தில் ஆரம்ப மதிப்பீடு பெரும்பாலும் நிலைக்கிறது என்பதும் உண்மையே. எனவே, இளமையில் எடுக்கும் அளவு கடுமையான நிலையை இனங்காண உதவும். இலேசான, நடுத்தரமான நிலைகளில் அதைத் தலையெழுத்தாகக் கொள்ளுதல் சாஸ்திரத்துக்கே விரோதம்.

மூன்றாவது, அளவையின் சொந்தப் பிழை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, அறிவு அளவெண்ணை ஐந்து புள்ளிகள் முன்பின்னாகவே கொள்ள வேண்டும் என்று கூறியதோடு, குறைபாட்டின் கடுமையை அவ்வெண்ணைக் கொண்டு வகுக்காமல் அன்றாட வாழ்வில் பிள்ளை இயங்கும் திறனைக் கொண்டே வகுக்குமாறும் அறிவுறுத்தியது.

4. சட்டமும் சதவீதமும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் அமுலுக்கு வந்தபோது, அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளின் எண்ணிக்கை இருபத்தொன்றாக விரிந்தது. புறவுலகச் சிந்தனையற்ற நிலை என்று வழங்கும் ஆட்டிசமும், கற்றல் குறைபாடும் தனித்தனியே இடம்பெற்றன. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே முக்கியமான சலுகைகள் உண்டு என்பது சட்டத்தின் அடிப்படை. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அறிவுசார் குறைபாட்டின் அளவைச் சமூக முதிர்ச்சி அளவையைக் கொண்டு நிர்ணயித்தன: 55 முதல் 69 வரை மதிப்பெண் பெறும் பிள்ளைக்கு 50 சதவீதம், 36 முதல் 54 வரை 75 சதவீதம், 70 முதல் 84 வரை 25 சதவீதம். ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்குப் பொது வளர்ச்சித் தாமதம் என்றே பெயரிட வேண்டும், சான்றும் தற்காலிகமாகவே இருக்க வேண்டும் என்றும் அவை விதித்தன. ஆட்டிசத்துக்கு நாற்பது வினாக்கள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவை வகுக்கப்பட்டது.

இவ்விதிகளில் விவேகம் இல்லாமல் இல்லை. அறிவு அளவெண்ணை விட்டு அன்றாடத் திறனைப் பார்த்ததும், இளம்பிள்ளையின் சான்றைத் தற்காலிகம் என்றதும் போற்றத் தக்கவை. ஆனால் 69க்கும் 70க்கும் இடையே உள்ள ஒரே புள்ளி, ஐம்பது சதவீதத்துக்கும் இருபத்தைந்து சதவீதத்துக்கும் இடையே உள்ள பள்ளமாக மாறிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அளவையின் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கும் அந்த ஒரு புள்ளியைப் பொறுத்து, ஒரு குடும்பம் உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும் உரியதாகிறது அல்லது இல்லாமற்போகிறது. இத்தகைய ஏற்பாட்டில் பரீட்சகரின் கவனமும் பெற்றோரின் கவனமும் அந்த எல்லைக்கோட்டின் மீதே குவிவதில் வியப்பில்லை. தன் பிள்ளை தானாகச் சோறு உண்கிறான் என்று பெருமையோடு சொல்ல வேண்டிய தாய், அதைச் சொன்னால் பர்சென்டேஜ் குறைந்துவிடுமோ என்று அஞ்சித் தயங்கும் நிலை, ஒரு குடும்பத்தின் மீது நாம் சுமத்தக்கூடிய மிகக் கொடிய தர்மசங்கடங்களுள் ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

5. சென்னை தந்த மாற்று வழி

இந்நிலைக்கு மாற்று உண்டா என்று கேட்போருக்குச் சென்னையின் சொந்த அநுபவமே விடை தருகிறது. பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கி, விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்னும் ஸ்தாபனத்தின் 1983ஆம் ஆண்டு வெளியீட்டால் பெரிதும் அறியப்பட்ட 'மதராஸ் வளர்ச்சித் திட்ட முறை', பதினெட்டுத் துறைகளில், துறைக்கு இருபதாக முந்நூற்றறுபது செயல்களை எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறும் வரிசையில் அடுக்கி வைக்கிறது. நடை, கைத்திறன், உணவு, உடை, தூய்மை, கழிப்பறைப் பழக்கம், கேட்டறிதல், பேச்சு, வாசிப்பு, எழுத்து, எண், காலம், பணம் என்று அது ஒரு மனிதன் சமூகத்தில் வாழ வேண்டிய எல்லாத் துறைகளையும் தழுவுகிறது. ஒவ்வொரு செயலும் உடன்பாட்டு வாக்கியமாகவே எழுதப்பட்டிருக்கிறது; பிள்ளை அதைச் செய்கிறானா, இன்னும் செய்யவில்லையா என்பதே குறிக்க வேண்டுவது. செய்யும் கடைசிச் செயலுக்கும் செய்யாத முதற்செயலுக்கும் இடையே உள்ள இடம் எதுவோ அதுவே பாடத்தின் தொடக்கம். இங்கே மதிப்பீடும் பாடத்திட்டமும் இரண்டு வேறு தாள்கள் அல்ல, ஒன்றே மற்றொன்றாகிறது.

அடுத்தது, தியாகராய நகரில் 1989இல் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையத்தின் 'உபநயன்' என்னும் ஆரம்பகாலப் பயிற்சித் திட்டம். பிறந்தது முதல் இரண்டு வயது வரையிலான வளர்ச்சியை இயக்கம், தற்பராமரிப்பு, மொழி, அறிதல், சமூக உறவு என்னும் ஐந்து துறைகளாக்கி, துறைக்கு ஐம்பதாக இருநூற்றைம்பது திறன்களை அது வரிசைப்படுத்தியது. இரண்டிலிருந்து ஆறு வயது வரைக்கும் பிற்பாடு விரிவாக்கப்பட்டது. தாயோ வேறொரு பராமரிப்பாளரோ பிள்ளையுடன் அமர்ந்து பயிற்சியில் பங்குகொள்வதே இத்திட்டத்தின் உயிர்நிலை. மதிப்பீட்டறைக்கு வெளியே நாற்காலியில் காத்திருக்கும் பெற்றோரை உள்ளே அழைத்து உடன் மதிப்பிடுபவராக ஆக்கியதில் அடங்கியிருக்கும் சாஸ்திர நியாயம் இது: அந்நியர் முன்னிலையில் அரைமணி நேரத்தில் வெளிப்படாத எத்தனையோ ஆற்றல்கள் வீட்டில் தினந்தோறும் வெளிப்படுகின்றன.

உலகின் பிற பாகங்களிலும் சிந்தனை இதே திசையில்தான் சென்றிருக்கிறது. ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி, தனியாகச் செய்ய இயல்வதை மட்டும் அளப்பது போதாது, பெரியவரின் துணையோடு செய்ய இயல்வதையும் அளக்க வேண்டும் என்றார். பிரிட்டனில் 1978இல் வெளியான வார்னக் அறிக்கை, பிள்ளைகளைக் குறைபாட்டு வகைகளாகப் பிரிப்பதை விடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் விசேஷக் கல்வித் தேவையைக் கூறும் முறைக்கு வழிகாட்டியது. 1994ஆம் ஆண்டு சாலமன்கா பிரகடனம் அதை உலகப் பொதுக் கொள்கையாக்கிற்று.

6. திருமுடிவாக்கத்தில் வைத்துப் பார்த்தல்

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையால் அறியப்படும் ஊர். இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் பட்டறைகளில் உள்ளூராரோடு பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் ஷிப்டு முறையில் உழைக்கிறார்கள். இத்தகைய ஊரில் ஒரு மனோபரீட்சை மூன்று தடைகளைச் சந்திக்கிறது.

முதல் தடை மொழி. வீட்டில் ஒடியாவோ போஜ்புரியோ கேட்டு, தெருவில் தமிழ் கேட்டு வளரும் மூன்று வயதுப் பிள்ளையின் சொற்கள் இரண்டு மொழிகளில் பங்கிடப்பட்டிருக்கும். ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் தாமதம் போலத் தோன்றும். தமிழ்ப் பிள்ளைக்கும் இச்சங்கடம் முற்றிலும் இல்லாமல் இல்லை. "இது எதற்குப் பயன்படுகிறது?" என்று அச்சிட்ட நடையில் கேட்டால் விழிக்கும் பிள்ளை, "இத வெச்சி அம்மா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டால் பதில் சொல்லிவிடுகிறான். கேள்வியைப் பேச்சுத் தமிழில் கேட்பது பரீட்சையின் விதியைத் தளர்த்துவது ஆகாது. பரீட்சையை உண்மையாக்குவதே ஆகும்.

இரண்டாவது தடை வாழ்க்கைச் சூழல். சமூக முதிர்ச்சி அளவையில், அக்கம்பக்கத்தில் துணையின்றிச் சென்று வருதல், சிறு பொருள் வாங்கி வருதல் போன்ற செயல்கள் உண்டு. சரக்கு லாரிகள் ஓயாமல் செல்லும் தொழிற்பேட்டைச் சாலையோரத்தில் குடியிருக்கும் எந்தத் தாயும் ஐந்து வயதுப் பிள்ளையைக் கடைக்குத் தனியே அனுப்பமாட்டாள். அனுப்பாததால் செய்யாததையும், இயலாததால் செய்யாததையும் ஒரே கழித்தற்குறியால் குறிப்பது அநியாயம்.

மூன்றாவது தடை தூரமும் நிர்வாக எல்லையும். முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பட்ட, பல்வகைக் குறைபாடு உடையோரின் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் இப்பகுதிக்குப் பெரும் பேறு. ஆனால் திருமுடிவாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி அங்கே போய்வருவது ஒரு முழுநாள் வேலை, அதாவது ஒருநாள் கூலி. எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குச் செல்வதும் அவ்வாறே. போதாக்குறைக்கு, திருமுடிவாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்க, பக்கத்து ஊராகிய அனகாபுத்தூர் தாம்பரம் மாநகராட்சிக்குள், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. வாடகை வீடு மாறும் தொழிலாளியின் குடும்பத்துக்கு வீதி மாறும்போதே மாவட்ட அலுவலகமும் மாறிவிடக்கூடும். இச்சூழ்நிலையில் ஆண்டுக்கொரு முறை வட்டார வள மையம் நடத்தும் மருத்துவ மதிப்பீட்டு முகாமே பலருக்கு வாய்க்கும் ஒரே சந்தர்ப்பம். அந்த ஜனக்கூட்டத்திலும் இரைச்சலிலும், தூக்கம் கெட்டு வந்திருக்கும் பிள்ளையிடம் சில நிமிஷங்களில் அறியக்கூடியது மிகச் சொற்பமே.

தடைகளைக் கூறிய நான் இவ்வூருக்கு உள்ள வசதியையும் கூற வேண்டும். 1975 அக்டோபர் 2இல் தேசத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பயனாக, ஒவ்வொரு குடியிருப்புக்கும் அருகில் ஓர் அங்கன்வாடி இருக்கிறது. 2013இல் ஏற்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கே வந்து வளர்ச்சித் தாமதம் உள்ளவர்களைக் கண்டு, மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு அங்கன்வாடிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென ஒரு நெறிமுறையையும் வெளியிட்டது. தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையங்கள், சிகிச்சைகளை மக்களின் இருப்பிடத்துக்கு அருகே கொண்டுவர முனைகின்றன. பிள்ளையை வாரத்தில் ஆறு நாள் பார்க்கும் அங்கன்வாடி ஊழியர், அவன் எதைக் கண்டால் சிரிக்கிறான், யாரைத் தேடுகிறான், சத்துமாவு உருண்டையைத் தானே வாய்க்குக் கொண்டுபோகிறானா என்பதை அறிவார். இந்த அறிவு எந்த நிபுணரின் மேசைக்கும் இன்றுவரை எழுத்தில் சென்று சேர்வதில்லை என்பதே என் வருத்தம்.

7. எதிர்வாதங்களைப் பரிசீலித்தல்

எண்ணை இவ்வளவு குறை கூறினால் சலுகைகளை எதைக்கொண்டு வழங்குவது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எண் இல்லாத இடத்தில் சிபாரிசு புகுந்துவிடும். செல்வாக்குள்ளவன் பிள்ளைக்கு உதவியும் ஏழையின் பிள்ளைக்கு அலைச்சலும் கிடைக்கும். பீனே பரீட்சையை அமைத்ததே இத்தகைய பாரபட்சத்தை ஒழிக்கத்தான். ஆகவே எண் ஒழிய வேண்டும் என்பது என் வாதம் அன்று. சான்றுக்கு உரிய வேலையை அது செய்துகொண்டிருக்கட்டும், ஆனால் கல்வியின் ஆசனத்தில் அது அமரலாகாது என்பதே.

மதராஸ் முறையைப் போலச் செயல்களைப் பட்டியலிடும் விவர முறைக்கும் குறைகள் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. முந்நூற்றறுபது கட்டங்களை மனமின்றி நிரப்பினால் அதுவும் வெறுஞ்சடங்காகிவிடும். அன்றியும், பிள்ளை எதைச் செய்யவில்லை என்பதை அது காட்டுமே தவிர, ஏன் செய்யவில்லை என்பதைக் காட்டாது. காது கேளாமையால் பேச்சு வராத பிள்ளையை அறிவு குறைந்தவன் என்று எண்ணிப் பயிற்றுவித்த துயரமான கதைகள் பல. செவிப்புலப் பரிசோதனையும் கண் பரிசோதனையும், தைராய்டு, வலிப்பு ஆகியவை பற்றிய மருத்துவ விசாரணையும் முடிந்த பிறகே மனோபரீட்சை தொடங்க வேண்டும். இந்த வரிசை மீறப்பட்டால் அதன்பின் வரும் எண்ணும் தவறு, விவரமும் தவறு.

போதிய நிபுணர்கள் இல்லாத நாட்டில் விவரமான மதிப்பீடு எவ்வாறு சாத்தியம் என்பது மூன்றாவது ஆட்சேபம். அளவெண்ணை நிர்ணயிக்க இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ மனோதத்துவ நிபுணர் தேவை, அத்தகையோர் அரியரே. ஆனால் விவரப்பட்டியலைக் கையாளத் தேவைப்படுவோர் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர், அங்கன்வாடி ஊழியர், தாய் ஆகியோரே. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், ஊர்ப்புறப் பணியாளர்களைக் கைப்பேசிச் செயலியின் துணையோடு வீடுகளுக்கு அனுப்பி, குடும்பத்தை மையமாகக் கொண்ட ஆரம்பப் பயிற்சியை நடத்திவருவது இது கற்பனை அன்று என்பதற்குச் சான்று. நிபுணர் அரியர் என்பதே, அவர் நேரத்தை எல்லைக்கோட்டுக் கணக்கில் செலவிடாமல் ஐயத்துக்குரிய கடினமான நிலைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பதற்கும் காரணமாகிறது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில கடமைகள் பெறப்படுகின்றன. மதிப்பீடு முடிந்து வெளியேறும் எந்தக் குடும்பத்துக்கும் இரண்டு தாள்கள் கொடுக்கப்பட வேண்டும்: அரசாங்கத்துக்கு ஒன்று, அதில் எண் இருக்கட்டும், வீட்டுக்கும் பள்ளிக்கும் மற்றொன்று, அதில் பிள்ளை இன்று செய்பவை, துணையோடு செய்பவை, அடுத்து வரும் ஆறு மாதங்களில் பழக்க வேண்டியவை ஆகியன தாய் படித்து அல்லது படிக்கக் கேட்டு விளங்கிக்கொள்ளும் எளிய தமிழில், தேவைப்பட்டால் அவள் மொழியில், எழுதப்பட்டிருக்கட்டும். அங்கன்வாடி ஊழியரின் குறிப்பு மதிப்பீட்டின் முதற்பக்கமாகச் சேர்க்கப்பட வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் எந்த முடிவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்கப்பட வேண்டும். சூழ்நிலையால் செய்யாததும் இயலாமையால் செய்யாததும் வெவ்வேறாகக் குறிக்கப்பட வேண்டும். பிள்ளை முன்னேறினால் குடும்பம் உதவியை இழந்துவிடும் என்னும் அச்சம் நீங்கும்படி, இளம்பருவத்து உதவியாவது சதவீதத்தோடு பிணைக்கப்படாமல் தேவையோடு பிணைக்கப்பட வேண்டும்.

இவற்றுள் முதல் மூன்றையும் நிறைவேற்றப் புதிய சட்டமோ புதிய சாஸ்திரமோ வேண்டியதில்லை. விஜய் ஹியூமன் சர்வீசஸிலும் மதுரம் நாராயணன் மையத்திலும் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேலையைத் திருமுடிவாக்கம் அங்கன்வாடி வரையில் கொண்டுவந்து சேர்க்கும் சங்கற்பம் ஒன்றே வேண்டும். ஒரு மனோபரீட்சையின் சிறப்பை அதன் புள்ளிவிவர நுட்பத்தால் மட்டும் நாம் மதிப்பிட்டுவந்திருக்கிறோம். அப்பரீட்சைக்குப் பின் ஆறு மாதம் கழித்து அப்பிள்ளை புதிதாகக் கற்றது என்ன என்று கேட்டு மதிப்பிடத் தொடங்குவோமானால், நம் கருவிகளில் எவை வைத்துக்கொள்ளத் தக்கவை, எவை விலக்கத் தக்கவை என்பது தானே விளங்கிவிடும்.